அம்மா சொன்ன என் பாவங்கள்

எழுத உட்கார்ந்தால் நான் பெரிய வாயாடி. நேரில் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். நேரில் என் நாக்கு தாமதமாகத்தான் வரும். ‘தண்ணி’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிடலாம். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் வலது கையும் வலது காலும் கோணிக்கொண்டன. வாய் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டது. புத்தி மட்டும் ஒழுங்காக இருந்தது. அது சந்தேகமில்லாமல் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான், என் அம்மா. அதனால் எனக்காகப் பேசும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். சும்மா இல்லை, முழுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டாள்.

அப்பா காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பஸ் ஓட்டினார். நாளெல்லாம் ஹாரன் அடித்து அலுத்ததாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். அம்மா வீட்டில் ஜாக்கெட் தைத்தாள். உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே தெருவில் போகிற மூன்று பேரோடு பேசக்கூடியவள். டாக்டர் என்னிடம் “எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டால், “வயித்துல சார், நேத்திலேருந்து” என்று அம்மா சொல்வாள். எனக்கு வலித்தது முதுகாக இருக்கும். கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் போனால், “இவளுக்கு நீலந்தாங்க புடிக்கும்” என்பாள். நீலம் அம்மாவுக்குப் பிடிக்கும். எனக்குச் சிவப்பு. எங்கள் வீட்டுப் பெட்டியில் வருஷ வாரியாக ஏழெட்டு நீலச் சட்டை இருந்தது. ஒரு சிவப்புச் சட்டைக்காக நான் ஏங்கிய ஏக்கத்தை இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன.

ஆனால் அவள் இல்லையென்றால் எனக்கு எழுத்தே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, ஊமைப் பிள்ளைகளுக்கு வேறு இடம் இருக்கிறதே என்றார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். “எம்பொண்ணு ஊமையில்லீங்க. மெதுவா பேசுவா. ஒங்களுக்கு அவசரம்னா அது அவ குத்தமா?” என்றாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதற்கும் அம்மா ஏற்பாடு செய்தாள். பக்கத்துப் பெண் தனக்கொரு ‘உள்ளேன் டீச்சர்’, எனக்கொரு ‘உள்ளேன் டீச்சர்’ என்று குரலை மாற்றிச் சொல்லுவாள். எனக்கு அம்மை போட்டிருந்த பதினைந்து நாளும் அவள் பழக்க தோஷத்தில் இரண்டும் சொல்லியிருக்கிறாள். அந்த மாதம் முழு வருகைக்காக என்னைப் பாராட்டினார்கள்.

இன்னொரு கூத்து, என்னிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் கத்துவார்கள். பேச்சு சரியில்லை என்றால் காதும் சரியில்லை என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ! மளிகைக் கடைக்காரர், கண்டக்டர், பூசைக்கு வரும் பெரிய மனுஷிகள், ஒருத்தர் பாக்கியில்லை. “சாப்…பிட்…டியா… பாப்…பா?” என்று தெருவே திரும்பிப் பார்க்கும். நல்ல காது எனக்கு. கொல்லையில் பூனை நடந்தால் கூடத்தில் தெரியும்.

பத்து வயதில் எனக்குப் புதுநன்மை கொடுப்பதா வேண்டாமா என்று கோவிலில் ஒரு பேச்சு வந்தது. எங்கள் தெருக்கோடியில் இருந்த சின்ன மாதா கோவில் அது. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை நாங்கள் நன்மை என்போம்; முதல் தடவை வாங்குவது புதுநன்மை. அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சாமியார் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். நாம் வெளியே முழங்காலிட்டு, சல்லடைப் பலகை வழியாக நம் பாவங்களை அவர் காதில் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும் என்று ஞானோபதேச வகுப்பு எடுக்கும் உபதேசியார் தலையைச் சொறிந்தார். அம்மா நேராக வயதான சாமியாரிடம் போனாள். “நா கூட இருந்து சொல்லிடுறேன் சாமி. அவ பாவம் எனக்குத் தெரியாததா?” என்றாள். அவருக்குத் தள்ளாமை. ஆகட்டும் என்றுவிட்டார். தனியாக, ரகசியமாகச் செய்ய வேண்டிய காரியம் அது. உலகத்தில் எங்கேயாவது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் கோவிலில் ஏழு வருஷம் நடந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு முழங்காலிடுவோம். அம்மா ஒப்பிப்பாள். “பூசையில தூங்கி வுழுந்தா சாமி. இட்டிலிய நாய்க்குப் போட்டுட்டு தின்னுட்டேன்னு தலையாட்டுனா. படிக்கச் சொன்னா மொறைக்கிறா.” நாய்க்குப் போட்டது உண்மைதான். முறைத்ததும் உண்மைதான். ஆனாலும் அதெல்லாம் அம்மா கண்ணில் பட்ட பாவம். என் பாவம் என்று ஒன்று எனக்குள் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமியார் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரத்தை அபராதமாகக் கொடுப்பார். அதையும் அம்மாவே எனக்காகக் கடகடவென்று சொல்லி முடிப்பாள். நான் முதல் மந்திரத்தின் முதல் வரியில் நின்றுகொண்டிருப்பேன்.

எனக்குப் பதினாறு வயதாகும்போது, எழுபதுகளின் கடைசி அது, பாண்டிச்சேரியிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றோரோடு ஒரு ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாண்டிச்சேரியில் ஒரு வருஷப் பயிற்சி, ஹாஸ்டலில் தங்க வேண்டும், டைப்ரைட்டிங் கற்றுத் தருவார்கள். என் இடது கை நல்ல கை. டைப் அடித்தால் என் வார்த்தைகள் மற்றவர்கள் வார்த்தை மாதிரியே தாளில் விழும், யாரும் பாதியில் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

அந்த அதிகாரியம்மா நல்ல மாதிரி. அம்மாவை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். “ஹாஸ்டல்ல இருந்துக்குவியாம்மா?” என்றார். கத்தத்தான் செய்தார், ஆனாலும் என்னைக் கேட்டார். இருப்பேன் என்ற வார்த்தையை நான் தொண்டையிலிருந்து மேலே கொண்டுவந்துகொண்டிருந்தேன்.

“அவ இருக்க மாட்டா மேடம். நா இல்லேன்னா ஒரு வாய் சோறு எறங்காது அவளுக்கு” என்றாள் அம்மா.

“அதுவும் சரிதான், பொம்பளப் புள்ள” என்று அவர் காகிதத்தில் ஏதோ எழுதினார். என் வார்த்தை உதட்டுக்கு வந்தபோது அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் இருப்பேன் என்றுதான் சொன்னேன். அந்தப் பையனின் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அம்மா என் தலையை வருடிக்கொண்டே முன் சீட்டுக்காரியிடம், “ஹாஸ்டலுக்குப் போறியான்னு கேட்டாங்க, இவ மூஞ்சியே செத்துப் போச்சு, பாவம்” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மனசுக்குள் நான் திக்குவதே இல்லை. இந்த அம்மா செத்துத் தொலைந்தால் என்ன என்று நினைத்தேன். ஒரு இடறல் இல்லாமல், தெளிவாக, முழு வாக்கியமாக வந்தது. அப்புறம்தான் என்ன நினைத்தோம் என்று உறைத்தது. சேசு மரி சூசையே! அம்மாவின் கை அப்போதும் என் தலையில்தான் இருந்தது.

பெற்றவள் சாக வேண்டும் என்று நினைப்பது சாவான பாவம். அதைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நன்மை வாங்குவது அதைவிடப் பெரிய பாவம். ஞானோபதேச வகுப்பில் அந்தப் பாடத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிறவள் நான். இப்போது எனக்கு நரகம் நிச்சயம். சொல்லலாம் என்றால் என் பாவசங்கீர்த்தனத்துக்கு வாய் யாருடையது? அம்மாவுடையது. அம்மா சாக வேண்டும் என்று நினைத்ததை அம்மாவின் வாயால்தான் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். சாமியார் கிழவருக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது, “என்னன்னு படிச்சுச் சொல்லும்மா” என்று அம்மாவிடமே நீட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. அடுத்த முதல் சனிக்கிழமை அம்மா அதையும் என் பாவக் கணக்கில் சேர்த்தாள். “பூசைக்கு வராம ரெண்டு வாரம் ஏமாத்திப்புட்டா சாமி.” ஏமாற்ற முடியாத வாரங்களில் நாக்கை நீட்டி நன்மை வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் இன்னொரு பாவத்தைக் கூட்டிக்கொள்வேன். பத்து மாதம் அப்படிப் போனது. ஒரே ஒரு தடவை, என் வாயால், ஒரு மனுஷன் காதில் அதைச் சொல்லிவிட்டால் போதும் என்று நான் ஏங்கியதைப் போல எதற்கும் ஏங்கியதில்லை.

பெரியவர் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக ஒரு இளவயசுச் சாமியார் வந்தார். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், வியாழக்கிழமை சாயங்காலம், பாவசங்கீர்த்தனத்துக்குக் கோவில் வாசல் வரை வரிசை. எங்கள் முறை வந்ததும் அம்மா வழக்கம்போல என்னை ஒட்டி முழங்காலிட்டாள்.

“நீங்க தள்ளி நில்லுங்கம்மா” என்றார் அவர்.

“அவ பேசுனா வெளங்காதுங்க சாமி. நாந்தான் எப்பவும்…”

“தள்ளி நில்லுங்க. அது பாவசங்கீர்த்தனம்.”

அம்மா எழுந்து நாலு எட்டு பின்னால் போய் வரிசையின் முதல் ஆளாக நின்றாள். கூப்பிட்டால் ஓடி வருவதற்குத் தோதாகத்தான் நின்றிருப்பாள். நான் சல்லடைப் பலகையில் வாயை வைத்தேன். பத்து மாதம் ஒத்திகை பார்த்த வாக்கியம். பதற்றத்தில் நாக்கு கல்லாகிவிட்டது. என்னென்னவோ சத்தம் வந்தது, எச்சில் ஒழுகியது. பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். சாமியார் பாவம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சரிம்மா, சரி. ஆண்டவருக்குத் தெரியும்” என்று கையை உயர்த்தி மன்னிப்பு மந்திரத்தைத் தொடங்கினார்.

எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, நல்ல கையால் பலகையில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். மந்திரம் நின்றது. “ஆண்டவருக்கு… முன்னாலயே… தெரியும்,” என்றேன். “உங்ககிட்ட… சொல்ல… வந்தேன்.”

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனதோ. அவர் கையை இறக்கினார். காதைப் பலகையோடு சேர்த்து வைத்தது சல்லடை வழியாகத் தெரிந்தது. “சொல்லும்மா, நா கேக்குறேன்” என்றார். என் வாழ்க்கையில் ஒரு ஆண்பிள்ளை எனக்காகச் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. நான் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தேன். சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், அவரும் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார். எல்லோரும் என்னிடம் பேசுகிற மாதிரியே, காது கேட்காத பிள்ளையிடம் பேசுகிற மாதிரியே சொன்னார்.

“அம்…மா?”

“ம்.”

“அம்மா… சாகணும்னு?”

“ம்.”

“நெனச்…சியா?”

கோவிலுக்குள் உச்சுக் கொட்டல் நின்றுவிட்டது. அவருக்கும் தன் குரல் அப்போதுதான் கேட்டிருக்கும். அதற்கு மேல் கிசுகிசுவென்றுதான் பேசினார். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். நான் எழுந்து திரும்பினேன். நாலு எட்டில் அம்மா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போய் முழங்காலிட்டுத் தன் பாவசங்கீர்த்தனத்தைச் சொன்னாள், சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மூன்று மந்திரத்தையும் முதல் தடவையாக நானே சொன்னேன். விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. நான் முடிக்கும் வரை அம்மா உதட்டை அசைக்காமல் இருந்தாள்.

திரும்பும் வழியில் மளிகைக் கடைக்காரர், “என்…ன பாப்…பா, நாளைக்கு… ஒரு…சந்தியா?” என்று கத்தினார். பெரிய வெள்ளிக்கு ஒருவேளைச் சாப்பாடா என்று கேட்கிறார். நான் வழக்கம்போல அம்மாவைப் பார்த்தேன். அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் நான்தான் “ஆமா” என்றேன். அவர் பிழைத்தேன் என்று சர்க்கரையை மடிக்கப் போனார்.

அன்றிலிருந்து அம்மா வெளியில் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பழையபடி வைதாள், சோறு போட்டாள், தலை பின்னினாள், அப்பாவையும் சேர்த்து மூன்று பேர் பேச்சைத் தனி ஆளாகப் பேசினாள். வாசற்படி தாண்டினால் எனக்கு வாய் இல்லை. இதுதானே வேண்டும் என்று கேட்டாய், வாங்கிக்கொள் என்கிறாளா? இல்லை, நீயே பேசு என்று விடுகிறாளா? கோபமா, பெருமையா, ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் ‘திருநள்ளாறு’ என்று சொல்ல நான் மல்லுக்கட்டும்போது, பேசித் தொலையேன் அம்மா என்று மனசுக்குள் கெஞ்சியிருக்கிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைக்கக் கற்றுக்கொண்டேன். பாண்டிச்சேரிக்கு நானே மனு எழுதினேன், பத்தொன்பது வயதில் போனேன், ஒரு கையால் டைப் அடித்துப் பாஸ் செய்தேன். ஹாஸ்டலில் சோறு இறங்கத்தான் இல்லை, முதல் மாதம் முழுக்க. அம்மா சொன்னது அந்த விஷயத்தில் சரியாகப் போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. துணைக்கு அம்மா வந்தாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார். “குடுக்கிற டிராப்ட்ல சந்தேகம்னா எப்படிம்மா கேப்ப?” நல்ல கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது. ஆரம்பித்தேன். மூன்றாவது வார்த்தையில் அவர் பொறுமை போய், பியூனை விட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அம்மா வாசலில் வந்து நின்றாள்.

“உங்க பொண்ணு என்னம்மா சொல்லுது?”

நான் பேசியது அவளுக்கு வெளியிலேயே கேட்டிருக்கும். நான் சொல்லாததுகூட அவளுக்குப் புரியும். ஆறேழு வருஷமாகப் பேசாமல் இருந்தவள், இப்போது வாயைத் திறந்தால் எனக்கு இந்த வேலை போய்விடும், திறக்காவிட்டாலும் போய்விடும்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள் அம்மா. “அவளையே கேளுங்க.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். மூன்று பேரும் வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்கள். “எழுந்து வந்து… கேப்பேன். நீங்க… கொஞ்சம்… காத்திருக்கணும்” என்று முடித்தேன். ஓரத்தில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டார். அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீசில், எத்தனையோ மேஜைக்கு முன்னால் நின்று எனக்கு வேண்டியதை நானே கேட்டிருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் நாலு பேருக்கும் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சிலர் காத்திருப்பார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அப்படிப் பாதி வார்த்தையில் நிற்கும்போது, பின்னாலிருந்து அம்மா குறுக்கே புகுந்து ஏதாவது சொல்லமாட்டாளா என்று இருக்கும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. எனக்கு நீலம்தான் பிடிக்கும் என்று சொன்னால்கூட ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன்.

அந்த முதல் வேலைக்கான கடிதம் வந்த அன்று சாயங்காலம் அம்மா மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் காஜா எடுக்க வேண்டிய துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“அன்னிக்குப் பெரிய வியாழக்கெழம கேட்டியே, ஆண்டவரு குடுக்க மாட்டேன்னுட்டாரு பாத்தியா? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. குரலில் கோபம் இல்லை, கேலிதான். கேலிக்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் மகள் நான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்றைக்கும் இல்லாத அளவுக்கு நாக்கு இழுத்துக்கொண்டது.

அம்மா மெஷினை நிறுத்தினாள். சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லப் போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் உதடு அந்த வார்த்தைக்குக் குவிந்தது. குவிந்த உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். சொல்லவில்லை. கண் நிறைந்து வழிய, என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“போ… கா… த” என்றேன்.

“எங்கடி போவப் போறேன்” என்று மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள்.